கப்பல்துறைக் காட்டின் இரண்டு தேன்பூச்சிகள்

திருகோணமலையில் யப்பான்காரன் குண்டு போட்ட பிறகு, என் மனைவி தங்கத்தைக் கப்பல்துறைக் காட்டோரம் அவளுடைய அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை, அங்கிருந்து விறகு கொண்டுவந்த ஒருவர் ஓர்ஸ் ஹில் அடியில் என்னைக் கண்டார்.

"உங்கட பெண்சாதியைத் தேன்பூச்சி மொய்ச்சுப்போட்டுது."

மேலே கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் போய்விட்டார்.

ஏழு மணிக்குக் கிண்ணியாக்காரரான மீரான் காக்காவின் மாட்டுவண்டியில் ஏறினேன். கண்டி வீதியில் ஏறக்குறைய ஏழு மைல். சீனன்குடா வரை பட்டாள லொறிகளின் புழுதி. அதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

"எந்தப் பூச்சி? பெரிசா, கொசுவா?" என்றார் அவர்.

"தேன்பூச்சி எண்டுதான் சொன்னவர்."

"நீங்க கேக்கல்லையா? நல்ல மனிசன்!"

பட்டணத்தில் எங்களுக்கு எல்லாம் தேன்பூச்சிதான். காட்டுக்காரருக்கு அது இரண்டு. பெரியது உயர்ந்த கொப்பில், வெளியிலேயே ஒற்றை அடையாகத் தொங்கும். கலைத்தால் கூட்டமாகத் துரத்திக் கொட்டும். ஆள் தப்ப ஏலாது. கொசுத்தேன்பூச்சி மரப்பொந்துக்குள் இருக்கும், வாசலில் மெழுகுக் குழல் ஒன்று நீட்டியிருக்கும், அதற்குக் கொடுக்கில்லை.

வண்டி காட்டுக்குள் திரும்பியதும் மீரான் காக்கா பீடியை அணைத்தார். பேசாமல் மேலே காட்டினார். பாலை மரத்தில் சுளகு அகலத்துக்கு ஒரு கறுப்பு அடை. அதன்மேல் அலை ஓடுவதுபோலப் பூச்சிகள் அசைந்தன. அந்த இடம் கடக்கும்வரை நான் மூச்சும் சத்தமாக விடவில்லை.

வீட்டு முற்றத்தில் தங்கம் தலைவிரிகோலமாக இருந்தாள். முகம் வீங்கவில்லை. அண்ணி எண்ணெய் பூசி, கூந்தலில் ஒட்டிய பிசினையும் செத்த பூச்சிகளையும் சீப்பால் இழுத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் எள்ளளவுப் பூச்சிகள்.

"பட்ட மரத்தில விறகு முறிக்கப்போனனான். காது, மூக்கு எல்லாம் புகுந்திட்டுது," என்றாள் தங்கம். "குண்டுக்குத் தப்பி வந்து கொசுவிட்ட மாட்டுப்பட்டனான். நீங்கள் ஏன் அழுகிறியள்?"

மீரான் காக்கா சிரித்தார். "கேக்காம வந்ததுக்கு அழுகிறார், தங்கச்சி."

மறுநாள் காலை அதே வண்டியில் திரும்பினேன். சீனன்குடாவை நெருங்கும்போது வானத்தில் பிளேன் இரைச்சல் கேட்டது. வழக்கமாக இதற்குள் நான் வீதியோரக் கான் பள்ளத்துக்குள் குதித்திருப்பேன்.

"காக்கா, எந்தப் பூச்சி?" என்று கேட்டேன்.

அவர் கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தார்.

"நம்மட பூச்சிதான். கொட்டாது. இருங்க."

இருந்தேன்.