மோட்டாருக்கு இட்ட பொட்டு

நாடு விடுதலையடைந்த சில ஆண்டுகளில், யாரோ கைகழுவிய மோட்டார் கார் ஒன்றை என் சித்தப்பா கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்து, ஆறு மாதம் எஞ்சினைக் கழற்றிப் பூட்டி உயிர்கொடுத்தார். முதல் ஓட்டத்தன்று உச்சிப்பொழுதுக்குள் அது கல்வராயன் மலையடிவாரம் சேரவேண்டும்; தவறினால் கார் பழைய இரும்புக்கு, சித்தப்பா ஏர் பிடிக்க. இது தாத்தாவின் தீர்ப்பு. தீர்ப்பளித்தவரே முன்னிருக்கையில் ஏறி அமர்ந்தும் கொண்டார்.

காருக்குச் சந்தனமிடும் திருப்பணி ஏழு வயதினளான எனக்கு வாய்த்தது. கல்லிலும் கனலிலும் உறைபவன் இரும்பிலும் உறைவான் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவ்விரும்புக்கு நெற்றி எது என்பதில்தான் ஐயம். பின்புறம் பெட்ரோல் தொட்டியின் வட்ட மூடியைக் கண்டேன். பொட்டுக்கென்றே விட்டதுபோல் நடுவில் கடுகளவு குழி. பதிகம் ஒன்றை முணுமுணுத்தபடி கெட்டியாக அப்பிவிட்டுப் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டேன்.

இரண்டு கல் தொலைவில் வண்டி விக்கி நின்றது. சித்தப்பா பிளக்குகளைத் துடைத்தார், குழாயை ஊதினார், தொட்டியைத் திறந்து குச்சி விட்டு அளந்தார். பெட்ரோல் நிறைய இருந்தது. வண்டி கிளம்பியது. மேலும் இரண்டு கல்லில் மீண்டும் நின்றது. அதே மூன்று வேலைகள்; மீண்டும் கிளம்பியது. மூன்றாம் முறை நின்றபோது வெயில் தலைக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது.

"இன்னாடா, உன் மகாராணி மறுபடியும் படுத்துக்கினாளா? மாட்ட ஓட்டியாரச் சொல்லட்டா?" என்றார் தாத்தா.

"இருங்க நைனா. மூணு வேல செய்யறேன், கெளம்புது. எதால கெளம்புதுன்னு தெரியல. இந்த வாட்டி மூடிய மட்டும் தொறக்கறேன்" என்றார் சித்தப்பா.

திறந்தார். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. வேறெதையும் தொடாமல் எஞ்சினைச் சுழற்றினார். முதல் சுற்றிலேயே முழங்கியது! காற்று புகாத தொட்டி பெட்ரோலை விடவில்லை; நோய் அவ்வளவே. என் பாவாடையிலிருந்த ஊக்கை வாங்கி மூடியின் நடுவிலிருந்த காற்றுத் துளையைக் குத்தினார். காய்ந்த சந்தனம் உதிர்ந்தது. ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

"தூசி நைனா. ரோட்டுத் தூசி."

அதன்பின் வண்டி நிற்கவேயில்லை. புளி மூட்டையோடு மலையிறங்கி வந்தவர்கள் ஒதுங்கி நின்று வாய்பிளந்தனர். "இன்னும் அழுத்துடா!" என்று தாத்தாவே கூவினார். உச்சிப்பொழுதுக்கு முன்பே மலை எங்கள் முன் எழுந்து நின்றது.

எனக்கு மட்டும் ஆற்றாமை. என் பூசையைத் தூசி என்றுவிட்டாரே! "தாத்தா, அது தூசி இல்ல, நான்தான்..." என்று தொடங்கும்போதெல்லாம் சித்தப்பா ஹாரனை ஓங்கி அமுக்கினார். அதை வெற்றி முழக்கமென்றே எண்ணி, சொல்ல வந்ததை மறந்து, நானும் கைதட்டினேன்.