கழுவிய அச்சு

உதவி என்று நினைத்து நான் செய்த காரியங்களால் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒருமுறையாவது நொந்திருக்கிறார்கள். மாமிக்குச் செய்ததை மட்டும் என்னால் இன்னும் சிரித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

மாமி அப்பாவின் தங்கை. கரையொதுங்கும் கணவாய் மீனின் ஓடுகளைப் பொறுக்கி வந்து வெயிலில் காயவைப்பார். கத்திமுனைக்கு இலகுவாக வெட்டுப்படும் அந்த ஓட்டில் பூ, சிப்பி என்று குடைந்து, துறைமுகத்தில் வேலைபார்த்த அப்பா கொண்டுவரும் ஈயத் துண்டுகளை உருக்கி ஊற்றுவார். ஆறியதும் சேலையில் குத்தும் புறோச் ஒன்று கையில் இருக்கும்.

கொழும்பில் ஒரு கைப்பணிப் பள்ளி, படிக்கச் சேர, அவரே வார்த்த பொருளொன்றுடன் மூன்று மாதம் கழித்து வரும்படி மாமிக்கு எழுதியிருந்தது. தங்கையைத் தனியே அனுப்ப அப்பாவுக்கு அரைமனது. மாமி இரண்டு கிழமையாக ஒரு திருக்கை மீனைச் செதுக்கினார். செதுக்கிய ஓட்டை இன்னொரு ஓட்டால் மூடிக் கட்டி, ஈயம் ஊற்ற வாய் விட்ட அச்சை மணல் நிரப்பிய தகரப் பேணியில் குத்திவைத்தார்.

வார்க்கிற அன்று காலை அதை மணந்து பார்த்தேன். கணவாய் நாற்றம். கொழும்புக்குப் போகிற பொருள் நாறலாமா? வாய்வழியே தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கவிழ்த்துவிட்டு, இருந்தபடியே மணலில் வைத்தேன்.

குசினி அடுப்பில் உருக்கிய ஈயத்தை மாமி அச்சில் ஊற்றினார். உள்ளே ஊறியிருந்த ஈரம் ஆவியாகி, படீரென்று வெடித்து ஈயம் சிதறியது. மாமியின் வலது கை வெந்துபோனது. வலியோடு அவர் என் நனைந்த சட்டையைப் பார்த்தார்.

"அச்சைக் கழுவினனியே, பிள்ளை?"

"இல்லை மாமி."

சத்தம் கேட்டு அப்பா ஓடிவந்தார்.

"நான்தான் அண்ணை, அச்சு வடிவாக் காயமுதல் ஊத்திப்போட்டன்" என்றார் மாமி.

"இந்தக் கவனத்தோட நீ கொழும்பில தனிய இருக்கப்போறியே? ஏலாது. கதையை விடு."

மாமி வெந்த கையைத் தண்ணீருக்குள் வைத்தார். எனக்கோ அப்பா அடிக்கும் பூவரசந்தடிக்குத் தப்பிய சந்தோசம். கை ஆறவும் இன்னொரு திருக்கை செதுக்கவும் நாள் கிடந்தது. அப்பாவின் கோபமும் ஆறிவிடும் என்று நினைத்தேன். அது ஆறவில்லை, மாமியும் போகவில்லை. அன்று நான் உண்மையைச் சொல்லி இரண்டு அடி வாங்கியிருந்தால் அவர் போயிருப்பார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.