ஏறாத எண்

நாற்பத்து மூன்று. பச்சை எழுத்தில், ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருந்த செல்போனில், ஒரு கோடை முழுவதும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். பாம்பன் பாலம் ஏறும்போதும் நாற்பத்து மூன்று. ஏழு பேரை ஏற்றிக்கொண்டு, ஏசியையும் போட்டுக்கொண்டு உத்தரகோசமங்கைக்குப் போகும்போதும் நாற்பத்து மூன்று. மழைக்காலம் வந்தால் முப்பதுக்கு இறங்கும். அடுத்த சித்திரையில் நாற்பத்தைந்தைத் தொட்டது. அதற்கு மேல் ஒருநாளும் போனதில்லை. அந்த எண்ணை எனக்குக் கொடுத்தவர் என் மச்சான்.

மச்சான் என்றால் இரண்டு வழியில் மச்சான். என் தாய்மாமன் மகன். அவர் தங்கையைத்தான் நான் கட்டியிருக்கிறேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அவர் பத்து முடித்துவிட்டு வளைகுடாவுக்குப் போய், பணக்காரப் பையன்களின் வேகமான கார்களை இன்னும் வேகமாக்கித் தருகிற ஒரு பட்டறையில் பன்னிரண்டு வருடம் இருந்தார். திரும்பி வந்து ராமநாதபுரத்துக்கு வெளியே ரோட்டோரமாகச் சொந்தப் பட்டறை போட்டார். எதற்கும் சிரிக்கிற மனிதர். நான் எதற்கும் பயப்படுகிறவன். டயரில் காற்று இருக்கிறதா என்று நாலு தரம் பார்ப்பேன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பட்டறையில் பத்துப் பேர் இருக்கும்போது மச்சான் சத்தமாகச் சொல்லுவார்: “இவன் எந்தங்கச்சிக்குத் தாலி கட்டிட்டு, முடிச்சு சரியா விழுந்துச்சான்னு இழுத்துப் பாத்தவன்யா!” எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வேறு என்ன செய்வது?

நான் டூரிஸ்ட் கார் ஓட்டிப் பிழைத்தவன். ராமேஸ்வரம், ஏர்வாடி, மதுரை ஏர்போர்ட் என்று நாள் முழுக்க ஓட்டம். டர்போ வைத்த டீசல் வண்டி. வெயில் ஏறினால் அதற்கு இழுவை போய்விடும். காரணத்தை மச்சான்தான் விளக்கினார். டர்போ காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. அழுத்தினால் காற்று சூடாகும். சைக்கிளுக்குப் பம்பு அடித்தவர்களுக்கு அதன் அடிப்பக்கம் கையைச் சுடுவது தெரியும். சூடான காற்றில் வலு இல்லை. அதை ஆறவைத்து உள்ளே அனுப்புவதற்கு ரேடியேட்டர் போலவே ஒன்று இருக்கிறது, அதன் பெயர் இன்டர்கூலர். கம்பெனி வைத்துக் கொடுத்தது நம் ஊர் வெயிலுக்குப் போதவில்லை, பெரிதாக ஒன்று மாற்றிவிடலாம் என்றார்.

ஒரு சாக்கை விரித்து இரண்டு இன்டர்கூலர்களை வைத்தார். ஒன்று பழையது இருந்த இடத்திலேயே உட்காரக்கூடியது, கொஞ்சம் தடிமன் அதிகம், தகடுகளுக்கு நடுவே நல்ல இடைவெளி. இன்னொன்று வண்டியின் முகம் அகலத்துக்கு இருந்தது. அவர் இருந்த நாட்டிலிருந்து கொண்டுவந்த பழசு. தகடுகள் அவ்வளவு நெருக்கம், சீப்பின் பல் கூட நுழையாது. எனக்குச் சின்னதுதான் பிடித்தது. பெரியதை மாட்டினால் பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்குக் காற்று போகுமா, தரையை ஒட்டித் தொங்குகிறதே, மீன் வண்டிகள் ரோட்டில் ஒழுகவிட்டுப் போகிற ஐஸ் தண்ணீரெல்லாம் இதில்தானே அடிக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

“ஏலே மாப்ள, பொண்ணு பாக்க வந்த கெழவியாட்டம் நோண்டாத. அங்கன பாலைவனத்துல அம்பது டிகிரியில இத மாட்டித்தான் பறக்குறான். நம்ம வெயிலெல்லாம் இதுக்கு ஏசி ரூமு.”

எனக்குச் சமாதானம் ஆகவில்லை, வெட்கமாக இருந்தது. வெட்கத்தில் தலையை ஆட்டினேன். பெரியதையே மாட்டினார். வண்டியின் கம்ப்யூட்டரில் எதையோ மாற்றி, காற்றும் டீசலும் கூடுதலாகப் போகும்படி செய்தார். ஸ்டீயரிங்குக்கு அடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒன்றைச் சொருகி, உள்ளே போகிற காற்றின் சூடு என் செல்போனில் தெரியும்படி வைத்துக் கொடுத்தார். கிளம்பும்போது ஒரே ஒரு பத்தியம் சொன்னார். “தெனமும் காலைல முன்பக்கம் தண்ணி அடிச்சு விட்று. தூசி அடையக் கூடாது.”

அதை நான் ஒருநாளும் தவறவிடவில்லை. சவாரி இல்லாத நாளிலும் ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். போர் போட்டால் வருவது உப்புத் தண்ணீர். வாயில் வைக்க முடியாது. குடிக்கிற தண்ணீர் லாரியில் வரும், குடத்தில் பிடித்துவைப்போம். ஒருநாள் ஒரு குடம் நல்ல தண்ணீரை வண்டிக்கு எடுக்கப் போனபோது என் மனைவி குடத்தின் வாயில் கையை வைத்து மறித்தாள். “லாரிக்காரன் எப்ப வருவான்னு நாலு நாளா வாசலப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன். ஒங்க காரு நல்ல தண்ணியிலதான் குளிக்குமாக்கும்? அடுத்து சாம்பிராணி போடணுமோ?” குடத்தை வைத்துவிட்டேன். போர் தண்ணீரையே அடித்தேன். காய்ந்த பிறகு தகடுகளில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கும். தூசி போகவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சநேரம் அடிப்பேன். அந்த யோசனையைச் சொன்னவர் பன்னிரண்டு வருடம் இருந்த நாட்டில் குழாயில் வருவதே உப்பு நீக்கிய தண்ணீர். அவர் அதை நினைத்துப் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து உப்புத் தண்ணீரில் குளிக்கிற நானும் நினைக்கவில்லை.

முதல் மாதங்களில் போனில் தெரிந்த எண் வேறு. காலையில் நாற்பத்தெட்டு, மத்தியானம் ஐம்பத்தைந்து. பிறகு அறுபது. பங்குனி பிறந்ததும் அறுபத்தெட்டு. பாலம் ஏறினால் எழுபத்து நாலு. ரோட்டைப் பார்த்ததைவிட அந்த எண்ணைத்தான் அதிகம் பார்த்தேன். மச்சானுக்கு நாளுக்குப் பத்துத் தடவை போன் செய்தேன். முதலில் சிரித்தார், அப்புறம் ‘உம்’ கொட்டினார், அப்புறம் எடுப்பதில்லை. நேரிலேயே போய் நின்றேன். முகத்தில் சலிப்போடு என் போனை வாங்கிக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்தார். பானட்டைக் கூடத் திறக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் இறங்கி வந்தார்.

“சரி பண்ணிட்டேன். போ, நிம்மதியா ஓட்டு.”

அன்றிலிருந்துதான் நாற்பத்து மூன்று.

உண்மையைச் சொல்லவேண்டும், என் வாழ்க்கையில் நான் நிம்மதியாக இருந்தது அதற்குப் பிறகு வந்த ஒரு வருடம்தான். படுத்தால் தூக்கம் வந்தது. சவாரிக்கு வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தேன். இழுவை மறுபடி குறைவதுபோல இருந்தது, பின்னால் புகை கொஞ்சம் கறுத்தது. எண்ணைப் பார்ப்பேன், நாற்பதுக்குப் பக்கத்தில் இருக்கும், மனம் அடங்கிவிடும். பாலம் ஏறினாலும் ஏறாத எண், பாரம் வைத்தாலும் அசையாத எண், அது எதைத்தான் அளக்கிறது என்று கேட்டிருக்க வேண்டியவன் நான். எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற எனக்கு அதைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. அது எனக்குப் பிடித்த பதிலைச் சொன்னது.

என்னைப் பெற்ற அய்யா கடற்கரையில் மீன் ஏலம் விட்டுக்கொண்டிருந்தவர். கூடையைச் சுற்றி நாற்பது பேர் கத்தினாலும் அவர் குரல் தனியாகக் கேட்கும். வைகாசி வெயிலில் ஒருநாள், ஏலத்துக்கு நடுவே அவர் சொன்ன விலை குழறியது. குடித்திருக்கிறார் என்று நினைத்துச் சிரித்திருக்கிறார்கள். கை தொங்கிய பிறகுதான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். என் காரில் ராமநாதபுரம் கொண்டுபோனோம், அங்கே டாக்டர் பார்த்தார். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு, அதற்கான ஊசி போட மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும், நேரம்தான் முக்கியம் என்றார். ஆம்புலன்ஸ் ஒரு சவாரிக்குப் போயிருக்கிறது, அரைமணி நேரத்தில் வந்துவிடும் என்றார்கள்.

வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் காத்திருந்திருப்பேன். அன்றைக்கு, “நம்ம கார்லயே போயிருவோம், அரைமணில பரமக்குடியத் தாண்டிருவேன்” என்று சொன்னேன். பயப்படாமல் நான் எடுத்த ஒரே முடிவு அதுதான். என் மனைவி பின் சீட்டில் அய்யாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பரமக்குடியைத் தாண்டினேன். பார்த்திபனூருக்கும் மானாமதுரைக்கும் நடுவில் வண்டி ஒருமுறை குலுங்கியது, பின்னால் ரோடே மறைகிற மாதிரி புகை, பிறகு சத்தம் இல்லை. போனில் நாற்பத்து மூன்று.

இரண்டு பக்கமும் கருவேலங்காடு. நிழல் என்று ஒன்று இல்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு, போகிற வண்டிகளுக்கெல்லாம் கையைக் காட்டினேன். கார்கள் விலகிப் போயின. கடைசியில் மிளகாய் வத்தல் மூட்டை ஏற்றிய ஒரு லோடு வண்டிதான் நின்றது. மூட்டைகளின் மேல் அய்யாவைக் கிடத்தினோம். என் மனைவி சேலைத் தலைப்பை நனைத்து அவர் மூக்கில் வைத்திருந்தாள். நெடியில் மூன்று பேருக்கும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அய்யா ஏதோ சொல்லப் பார்த்தார். வாய் ஒரு பக்கம் போனது, சொல் வரவில்லை. மதுரை டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஊசி போடுகிற நேரம் தாண்டிவிட்டது என்றார்.

பத்து நாள் கழித்து, வண்டியை இழுத்துப் போட்டிருந்த பரமக்குடிப் பட்டறைக்குப் போனேன். அந்த மெக்கானிக் என்னைவிட இளையவர். பிஸ்டனைக் காட்டினார். அதன் தலை மெழுகு போல உருகி ஓடியிருந்தது. இன்டர்கூலரின் தகட்டில் விரலை வைத்தார், அப்பளம் போல நொறுங்கியது.

“என்ன தண்ணியிலண்ணே கழுவுனீக?”

“போர் தண்ணி.”

“உப்பு அரிச்சு அடைச்சிருச்சுண்ணே, சூடு ஆறாத காத்துதான் பிஸ்டன உருக்கியிருக்கு” என்றார். என் போனை வாங்கிப் பார்த்தார்.

“இதப் பாத்தா ஓட்டுனீக? இது ஃபில்டர்கிட்ட இருக்கிற சென்சாருண்ணே. டர்போவுக்குப் போறதுக்கு முந்தின காத்து. வெளியில வெயில் எவ்வளவுன்னு சொல்லும், அம்புட்டுத்தான். அத ரோட்டுல படுத்திருக்க மாடே சொல்லிரும்.” போனில் எதையோ தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இன்டர்கூலரத் தாண்டி இன்னொண்ணு இருக்கு. அதத்தான் பாக்கணும். லிஸ்டுல இருக்கு பாருங்க. யாரோ எடுத்துட்டு இத வச்சிருக்காக.”

அங்கிருந்து நேராக மச்சானின் பட்டறைக்குப் போனேன். அவர் ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கால்களிடம் கேட்டேன்.

“ஏன் மச்சான் மாத்துன?”

எதை என்று அவர் கேட்கவில்லை. வெளியே வரவும் இல்லை. ஸ்பானர் சத்தம் நின்றது.

“நீ சோறு திங்கல மாப்ள. தூங்கல. தங்கச்சி வந்து அழுதா, எதாச்சும் பண்ணி அவுகளப் படுக்க வைங்கண்ணேன்னு. எழுபது, எம்பதெல்லாம் வண்டி தாங்கும்னு நெனச்சேன். நாளைக்கி, நாளைக்கின்னு கழட்டிப் பாக்காம விட்டுட்டேன். நீயும் அதுக்கப்பறம் வரலயே?”

வரவில்லைதான். வந்து தொந்தரவு செய்துகொண்டே இருந்திருந்தால் அவர் ஒருநாள் எரிச்சலிலாவது அதைக் கழற்றிப் பார்த்திருப்பார். எரிச்சல் வேண்டாம் என்று என் பயத்தைப் பிடுங்கிக்கொண்டார். அந்தப் பயம் ஒன்றுதான் என் படிப்பு. அதை வைத்துத்தான் இருபது வருடம் ஒரு உயிருக்கும் சேதமில்லாமல் வண்டி ஓட்டியிருந்தேன். பெரிய இன்டர்கூலரைத் தேர்ந்தெடுத்தது அவர், உப்பை அடித்தது நான், குடத்தை மறித்தவளும் அண்ணனிடம் போய் அழுதவளும் என் மனைவி. யாரும் கெட்டது நினைக்கவில்லை. கெட்டது நினைத்திருந்தால் ஒருவரையாவது வெறுத்துத் தீர்த்திருப்பேன். மனைவியிடம் இதை நான் இன்னும் பேசவில்லை. அவளும் பேசவில்லை. அவளுக்கு எவ்வளவு தெரியும் என்பதுகூட எனக்குத் தெரியாது.

இப்போது வேறொருவரின் வேனை ஓட்டுகிறேன். டர்போ வண்டி வைத்திருக்கிற டிரைவர்கள் யாராவது சூடு பார்க்கிற எண்ணைக் காட்டினால், வண்டியை மேடு ஏற்றிப் பார், எண் ஏறவில்லை என்றால் பயப்படு என்று சொல்கிறேன். சிரிக்கிறார்கள்.

அய்யா வலது கையும் பேச்சும் இல்லாமல் கட்டிலில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மச்சான் வருகிறார். அய்யாவுக்கு முகம் வழித்துவிடுகிறார், நகம் வெட்டுகிறார், ஈரத்துணியால் முதுகைத் துடைக்கிறார். இவ்வளவு நன்றாக நான்கூடச் செய்வதில்லை. அய்யாவுக்கு ஒன்றும் தெரியாது. மச்சானைக் கண்டால் பாதி முகத்தால் சிரிக்கிறார். போன வாரம் மச்சான் வேலையெல்லாம் முடித்துவிட்டு வாசலில் செருப்பை மாட்டும்போது, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

“போன வாரத்துக்கு இப்ப தேவலாம் மாப்ள. வெரல் லேசா அசையிது. நான் பாத்தேன்.”

வாரத்தில் ஆறு நாளும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் நான். அது அசையவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அவர் தெருவைத் தாண்டிப் போகிற வரைக்கும் என் மனம் லேசாக இருந்தது.