கொள்ளிடத்து மணலில் ஊஞ்சல் பலகைச் சவாரி

போன வாரம் என் தம்பி மகள் மணாலியிலிருந்து ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். காலில் பலகையைக் கட்டிக்கொண்டு பனிச்சரிவில் நிற்கிறாள். "அத்தை, நீங்கல்லாம் இதைப் பார்த்திருக்கவே மாட்டீங்க" என்று கீழே ஒரு வரி. அடி கழுதை, பார்த்தது மட்டுமில்லை, செய்தும் இருக்கிறேன். பனிதான் இல்லை. இந்தப் பக்கத்தில் கொடைக்கானல், வேளாங்கண்ணி என்று போய்வந்த கதையெல்லாம் எழுதிவிட்டு இதை மட்டும் எழுதாமலேயே இருந்தேன். நினைத்தால் இன்றைக்கும் உள்ளங்கை வேர்க்கிறது. அதுதான் காரணம்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து நாலு வயது. தில்லை நகரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் நாங்கள் மூன்று பேர் வேலை பார்த்தோம். நான் ஜெசிந்தா, தென்னூர்க்காரி, ஊரறிந்த பயந்தாங்கொள்ளி. கரப்பான் பூச்சி பறந்தால் நாற்காலி மேல் ஏறிவிடுவேன். ரங்கநாயகி ஸ்ரீரங்கத்துப் பெண், எங்களுக்கு ரங்கா. மூன்றாவது மைமூன், மலைக்கோட்டைப் பக்கம் வீடு. அவள் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த வெளிநாட்டுக் காலண்டர் ஒன்று என் மிஷினுக்கு நேர் மேலே தொங்கியது. மாதத்துக்கு ஒரு பனிமலை. ஆகஸ்ட் பக்கத்தில் ஒரு ஆள் பலகைமேல் நின்றபடி மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு ஆடிப் பதினெட்டு. ஒரு மாணவிகூட வரவில்லை. ஒன்பது மணிக்கெல்லாம் முதலாளி பூட்டச் சொல்லிவிட்டார். மைமூன் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு தடவையாவது இப்படிப் போகணும்டி."

"பனிக்கு எங்கடி போறது? ஐஸ் பேக்டரிக்கா?" என்றேன் நான்.

"பனி எதுக்கு? கொள்ளிடத்துல மணல் மேடு மேடா கிடக்கு. எங்காத்துல வெள்ளையடிக்கறதுக்காக ஊஞ்சலைக் கழட்டி வச்சிருக்கா. பலகை சும்மாதான் இருக்கு," என்றாள் ரங்கா.

அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. ஊரே காவேரியில் இருக்கும், கொள்ளிடத்தில் ஈ காக்காய் இருக்காது, வயசுப் பெண்கள் மூன்று பேர் மணலில் உருளுவதைப் பார்க்க ஆளில்லை. அதுதான் எங்கள் கணக்கு. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வேண்டாம் என்றால் மறுநாள் முழுக்கக் கிண்டல் செய்வார்களே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் 9.40க்கு ஒன்றாம் நம்பர் பஸ். ஸ்ரீரங்கம் ஐந்து கிலோமீட்டர், டிக்கெட் அறுபது பைசா. பாலத்தில் பஸ் ஊர்ந்துதான் போனது, அவ்வளவு கூட்டம். கீழே காவேரி இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு செந்நிறமாக ஓடியது. "ராத்திரியிலேர்ந்து ஏறிக்கிட்டே இருக்கும்மா, இந்த வருஷம் நல்ல தண்ணி," என்றார் கண்டக்டர். நாங்கள் கை தட்டினோம். காவேரி தாங்காத தண்ணீரை முக்கொம்பு அணையில் ஷட்டரைத் தூக்கிக் கொள்ளிடத்துக்குத் திருப்பிவிடுவார்கள் என்பது திருச்சியில் பிறந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கை தட்டிய மூன்று படித்த முட்டாள்களுக்கும் தெரியும். அந்த நேரத்தில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

ரங்கா வீட்டில் எல்லோரும் காவேரிப் படித்துறைக்கு, அம்மா மண்டபம் போயிருந்தார்கள். பலகை கூடத்துச் சுவரில் சாய்ந்திருந்தது. தேக்கு, ஐந்தடி நீளம், ஒன்றரை அடி அகலம், நான்கு மூலையிலும் இரும்பு வளையம். ரங்கா ஒரு தூக்கில் புளியோதரையும் ஒரு கிண்ணத்தில் விளக்கெண்ணெயும் எடுத்துக்கொண்டாள். பலகையை முன்னும் பின்னுமாகத் தூக்கிக்கொண்டு வடக்கே ஒன்றேகால் கிலோமீட்டர் நடந்தோம். நடுவில் நான்கு இடத்தில் இறக்கி வைத்ததால் அரை மணி நேரம் ஆயிற்று. கொள்ளிடம் வெறும் மணல். கரையை ஒட்டி ஒரு பள்ளம், எண்பதடி அகலம் இருக்கும், காய்ந்து வெடித்துக் கிடந்தது. அதைத் தாண்டி ஆற்றுக்குள் ஒரு பெரிய திட்டு. ஆடிக் காற்று மணலை அதன்மேல் ஒதுக்கி ஒதுக்கி ஒரு மாடி உயரத்துக்கு ஏற்றியிருந்தது. கரையோர ஊற்றுக் குழியில் ஒரு சலவைக்கார அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை.

மணி பதினொன்று. சரிவு நன்றாக வழுக்கட்டும் என்று பலகையின் அடியில் விளக்கெண்ணெயைத் தடவினாள் ரங்கா. உலகத்திலேயே இப்படி ஒரு யோசனை எங்களுக்குத்தான் வரும். மணல் அப்பம்போல ஒட்டிக்கொண்டு பலகை ஓர் அங்குலம் நகரவில்லை. சுரண்டித் துடைத்துவிட்டு, மாதா கோவிலுக்காக என் பையில் வைத்திருந்த இரண்டு மெழுகுவர்த்திகளை அழுத்தித் தேய்த்தோம். அப்புறம் பறந்தது பாருங்கள்! ரங்கா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு நின்றபடியே பாதிச் சரிவு வந்தாள். மைமூன் உட்கார்ந்து வந்தாள், "யா அல்லா" என்று கத்திக்கொண்டே.

நான் மேலேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை மணி நேரம் சமாளித்தேன். கடைசியில் இருவரும் என்னைப் பலகையில் ஏற்றி நிற்கவைத்துத் தள்ளிவிட்டார்கள். பாதியில் குதித்துவிடலாம் என்று காலை ஊன்றினேன். வலது கணுக்கால் மடங்கி, ஒரு சத்தம். கீழே கிடந்தபோது வீங்க ஆரம்பித்திருந்தது. காலை ஊன்றவே முடியவில்லை.

"கொஞ்ச நேரத்துல சரியாயிடும்டி, சாப்பிடு," என்றாள் ரங்கா. புளியோதரை சாப்பிட்டோம். அப்போதுதான் பார்த்தேன், பள்ளத்துக்கு அந்தப் பக்கம், நாங்கள் வந்த கரையில் அந்தச் சலவைக்கார அம்மா ஈரம் சொட்டச் சொட்டத் துணிகளை வாரிக் கழுதைமேல் போட்டுக்கொண்டிருந்தார். காயாத துணியை யாராவது எடுப்பார்களா? மழை வரப்போகிறதோ என்று வானத்தைப் பார்த்தோம். அந்த அம்மா எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். காற்றில் பாதிதான் கேட்டது.

"ஏம்மா... ஷட்டரைத் தூக்கிட்டாங்க... தண்ணி வருது... ஓடியாங்க!"

அரிசி களைகிற மாதிரி ஒரு சத்தம். பள்ளத்தில் சருகும் நுரையுமாக, கணுக்கால் அளவுக்குத்தான் முதலில் வந்தது. மைமூனும் ரங்காவும் என்னை இரண்டு பக்கமும் தாங்கி, பலகையையும் இழுத்துக்கொண்டு நடத்தினார்கள். நான் நொண்டி நொண்டித் திட்டின் விளிம்புக்கு வருவதற்குள் தண்ணீர் முழங்காலைத் தாண்டிவிட்டது. இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. மைமூனுக்கும் தெரியாது. அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. செத்தோம் என்றே நினைத்தேன். அம்மா முகம்தான் கண்முன் வந்தது. "மாதாவே, மாதாவே" என்பதற்கு மேல் ஜெபம்கூட வாயில் வரவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் போயிடுங்கடி," என்றேன். தியாகமெல்லாம் இல்லை. அவர்கள் போய்விடக் கூடாது என்றுதான் உள்ளுக்குள் கதறிக்கொண்டிருந்தேன்.

"வாயை மூடு. எனக்கு நீச்சல் தெரியும்," என்றாள் ரங்கா. "சின்ன வயசுலேர்ந்து காவேரில நீந்தினவ நான். ஜெசி, பலகைமேல குப்புறப் படு, முன் வளையத்தைப் பிடிச்சுக்கோ. மைமூன், நீ பின் வளையத்தை விடாதே. நான் முன்னாடி இழுக்கறேன். எது நடந்தாலும் நான் இருக்கேன்."

அந்தக் குரலில் ஒரு நடுக்கம் இல்லை. அதை நம்பித்தான் இறங்கினோம். பலகை என் கனத்தில் ஓரளவு அமிழ்ந்து, தாடையில் தண்ணீர் மோதியது. நடுப்பள்ளத்தில் ரங்காவுக்கு மார்பு வரை வந்தது. இழுப்பு எங்களைக் கிழக்கே தள்ளியது. ஒரு இடத்தில் மைமூனுக்குக் கால் எட்டாமல் போய் அவள் தலை ஒருமுறை உள்ளே போய் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வளையத்தை மட்டும் விடவில்லை. சலவைக்கார அம்மா கரையோடு ஓடிவந்து, யாருடையதோ ஈரப்புடவை இரண்டை முடிச்சுப் போட்டு வீசினார். மூன்றாவது வீச்சில் ரங்கா பிடித்தாள். இறங்கிய இடத்திலிருந்து நூற்றைம்பது அடி தள்ளிக் கரையேறினோம். ஏழெட்டு நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

திரும்பிப் பார்த்தால் நாங்கள் சாப்பிட்ட இடம் இல்லை. புளியோதரைத் தூக்கு மிதந்து போய்க்கொண்டிருந்தது. மேட்டின் உச்சி மட்டும் தெரிந்தது, அதுவும் பொலபொலவென்று சரிந்தது.

"படிச்ச புள்ளைங்கதானே நீங்க?" என்று அந்த அம்மா திட்டித் தீர்த்தார். பெயர் அஞ்சலை. திட்டிக்கொண்டே என் காலைத் துணியால் கட்டினார். மைமூன் மூச்சு வாங்கிக்கொண்டே ரங்காவைக் கேட்டாள்:

"நல்லவேளை உனக்கு நீச்சல் தெரிஞ்சுது. யாருடி கத்துக்குடுத்தா?"

ரங்கா அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்காத்துல பொம்மனாட்டிகளைக் காவேரிப் படித்துறைல மூணாவது படிக்குக் கீழ விட்டதே இல்லடி," என்றாள். "எனக்கு என்ன தெரியும்? தெரியாதுன்னு சொல்லியிருந்தா நீங்க ரெண்டு பேரும் இறங்கியிருப்பேளா?" சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மீதிப் பயணம் சுருக்கமாக. அஞ்சலை அம்மாவின் கழுதைமேல், ஈரத் துணி மூட்டையோடு மூட்டையாக ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தேன். வீட்டுக்காரர்கள் திரும்புவதற்குள் பலகையைத் துடைத்து இருந்த இடத்தில் சாய்த்துவிட்டோம். பலகை கழுவிச் சுத்தமாக இருக்கிறதே என்று ரங்காவின் அம்மா மகளைப் பாராட்டினாராம். என் வீட்டில், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்துவிட்டேன் என்று சொன்னேன். மூன்று வாரம் கட்டு. காலண்டரில் ஆகஸ்ட் பக்கத்தை மைமூன் மறுநாளே கிழித்துப் போட்டுவிட்டாள். நாள் கிழமை பார்க்க ஒரு மாதம் திண்டாடினோம்.

போக நினைப்பவர்களுக்கு: போகாதீர்கள். இப்போது மணலும் அப்படி இல்லை, ஆழமான மடுக்கள்தான் நிறைய. ஆற்றுப் படுகையில் இறங்கியே தீர வேண்டுமென்றால், காவேரியில் தண்ணீர் எவ்வளவு என்று முதலில் விசாரியுங்கள். கரையில் துணி துவைப்பவர்கள் கிளம்பினால் நீங்களும் கிளம்புங்கள். மலையில் பனியில் சறுக்கப் போகிறவர்கள் விளக்கெண்ணெய் தடவ வேண்டாம், மெழுகு போதும். கூட வருகிறவள் எனக்கு நீச்சல் தெரியும் என்றால், எங்கே கற்றாய் என்று கரையிலேயே கேட்டுவிடுங்கள். இறங்கிய பிறகு மட்டும் கேட்காதீர்கள். நாங்கள் கேட்காததால்தான் இதை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.