வெண்மதியின் வியட்நாம் விண்ணப்பம்

இறால் குட்டையில் ஆக்ஸிஜன் குறைந்தால் விடிவதற்குள் மொத்தமும் செத்து மிதக்கும். அதை முன்கூட்டியே காட்டும் கருவிகள் உண்டு. ஆனால் தண்ணீருக்குள் இருக்கும் அவற்றின் முனையில் பாசி பிடித்துவிட்டால் கருவி தப்பாகக் காட்டும். வெண்மதி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். தண்ணீரில் காற்றைக் கலக்கக் குட்டையில் சுற்றும் ஏரேட்டர் கிளப்புகிற நீரோட்டமே ஒரு சின்னச் சக்கரத்தைத் திருப்பும். சக்கரத்தோடு இணைந்த தூரிகை முனையைத் துடைத்துக்கொண்டே இருக்கும். தனியாகக் கரன்ட் வேண்டாம், ஆளும் வேண்டாம்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றின் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் சபாபதி என்பவரின் இறால் பண்ணையில் தண்ணீர் பரிசோதிக்கும் வேலை அவளுக்கு. வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். கணவன் தங்கராசு சிப்காட்டில் ஒப்பந்த ஃபிட்டர்.

2008இல் பண்ணையைப் பார்க்க வந்த ஒரு வியட்நாம் கம்பெனி ஆள் அந்தச் சக்கரத்தைப் பார்த்துவிட்டு அசந்துபோனான். "உங்கள் பெயரிலேயே எங்கள் நாட்டில் காப்புரிமை வாங்கலாம். படங்களை அனுப்புங்கள், ஹனோய் வக்கீலுக்கு அதிகாரம் கொடுத்துக் கையெழுத்துப் போடுங்கள், பாஸ்போர்ட்டும் எடுத்து வையுங்கள்" என்றான். வெண்மதி பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் படங்களையும் கையெழுத்திட்ட தாளின் ஸ்கேனையும் அனுப்பினாள். அசலைக் கூரியரில் போடச் சொல்லித் தங்கராசுவிடம் கொடுத்தாள். பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பித்தாள்.

எதற்கும் ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம் என்று சென்னையில் காப்புரிமை முகவர் தட்சிணாமூர்த்தியைப் பார்க்கப் போனது அதற்குப் பிறகுதான்.

"இந்தியாவுல எப்பம்மா ஃபைல் பண்ணீங்க?"

"இங்க பண்ணல சார். அங்கதான விக்கப் போறாங்கன்னு..."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இங்க குடியிருக்கறவங்க நேரா வெளிநாட்டுல போடக் கூடாதும்மா. முதல்ல இங்க விண்ணப்பிச்சு ஆறு வாரம் பொறுக்கணும். இல்லைன்னா பேட்டன்ட் ஆபீஸ்ல எழுத்து மூலமா அனுமதி வாங்கணும். ரெண்டும் இல்லாம போட்டா இங்க உள்ள உரிமை போயிடும். சட்டத்துல ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில்னும் எழுதியிருக்கு."

"தெரியாம செஞ்சிருந்தா சார்?"

"அவங்க போட்டுட்டாங்களான்னு முதல்ல கேளுங்க. போட்டிருந்தா, யார் பேர்ல போட்டாங்கன்னும் கேளுங்க."

அந்த இரண்டாவது கேள்வியை அவள் அதுவரை யோசித்ததே இல்லை.

கம்பெனி ஆளுக்கும் ஹனோய் வக்கீலுக்கும் மெயில் அனுப்பினாள். பதில் இல்லை. மறுபடி அனுப்பினாள். அதற்கும் இல்லை. பஸ்ஸில் காக்கிச் சட்டை யார் ஏறினாலும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பண்ணையில் ஒரே குட்டையின் தண்ணீரை இரண்டு முறை எடுத்துச் சோதித்தாள். தங்கராசுவிடம் மூச்சு விடவில்லை. வீட்டில் ஒரு போலீஸ் கேஸ் என்றால் கம்பெனி வாசலிலேயே அவனை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் போலீஸ்காரர் ஒருவர் வந்து நின்றார்.

"வெண்மதின்றது யாரும்மா? ஸ்டேஷன்லேர்ந்து வர்றேன்."

வெண்மதி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தங்கராசு முன்னால் வந்தான்.

"நான் அவுங்க வீட்டுக்காரன். இன்னா சார்?"

"பாஸ்போர்ட் என்கொயரிப்பா. ரேஷன் கார்டு ஜெராக்ஸ் குடு."

போலீஸ்காரர் போன பிறகும் அவள் நிலைப்படியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இன்னாடி ஆச்சு உனக்கு? பாஸ்போர்ட்டுக்குத்தான வந்தாரு?"

"மாமா, என்னைப் புடிச்சிக்கினு போயிடுவாங்க மாமா" என்று அழுதாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

தங்கராசு வெளியே போய், வண்டிப் பெட்டியைத் திறந்து அவள் கொடுத்திருந்த அதே கவரை எடுத்து வந்தான்.

"வெளிநாட்டு கூரியர்லாம் பாண்டிலதான் வாங்குவாங்கன்னுட்டான். ஷிப்டு மேல ஷிப்டு. மறந்துட்டேன். நீ கேட்டப்போ அனுப்பிட்டேன்னு பொய் சொல்லிட்டேன். நீ திட்டுவ ஜாஸ்தி, அதான்."

அவள் அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு அந்தத் தோளிலேயே சாய்ந்துகொண்டாள்.

ஆனாலும் ஸ்கேன் போயிருந்ததே. அதை வைத்தே விண்ணப்பித்திருந்தால்? அந்த வாரம் முழுக்க அவள் தினமும் பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பார்த்தாள். கடைசியில் ஹனோய் வக்கீலின் பதில் வந்தது. அசல் கையெழுத்து வராததால் எதையும் தாக்கல் செய்யவில்லை. கம்பெனி ஆள் வேலையை விட்டுப் போய்விட்டான். பிரவுசிங் சென்டர் நாற்காலியிலேயே அவள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள்.

தட்சிணாமூர்த்தி சென்னையில் விண்ணப்பத்தைத் தாக்கல் செய்தார். ஆறு வாரம் கழிந்தது. தாக்கல் செய்த தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் வியட்நாமில் போட்டால் இங்கே போட்ட தேதியே அங்கேயும் செல்லும் என்று அவர் சொன்னபோது, அந்த ஒரு வருஷம் தவறிவிடுமோ என்று புதுப் பயம் பிடித்தது. தவறவில்லை. ஆனால் அங்கே போட்ட விண்ணப்பம் முழுக்க வியட்நாம் மொழியில் இருந்தது. படங்களைத் தவிர அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வேறொருவரை வைத்து ஆங்கிலத்துக்குத் திருப்பச் சொன்னாள். தூரிகை என்று இருக்க வேண்டிய இடத்தில் தரை கூட்டும் துடைப்பம் என்று இருந்தது. நல்லவேளை, திருத்தம் செய்ய அனுமதி கிடைத்தது.

2011 கடைசியில் வியட்நாம் காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வாளர் ஆட்சேபம் எழுப்பினார். முனையைத் துடைக்கும் தூரிகை ஏற்கெனவே வேறொருவர் பெயரில் இருக்கிறது. இரண்டு மாதத்துக்குள் பதில் வேண்டும். வெண்மதி பதிலுக்கான குறிப்புகளை எழுதி முடிக்கும்போது 'தானே' புயல் அடித்தது.

கடலூரில் கரன்ட் இல்லை, போன் இல்லை. தெருவெல்லாம் மரம். பண்ணையில் குட்டைக்கரைகள் உடைந்து சேறாகக் கிடந்தன. இத்தனை வருஷம் காத்த உரிமை ஒரு பதில் போகாமல் செத்துவிடும் என்று அவள் பயந்தாள். பஸ் ஓட ஆரம்பித்ததும் குறிப்புகளைப் பாலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு சென்னைக்குப் போனாள்.

"டி.வி.ல பார்த்ததுமே அவகாசம் கேட்டுட்டேம்மா. இப்ப உக்காந்து நிதானமா சொல்லுங்க" என்றார் தட்சிணாமூர்த்தி.

"அவுங்களது மோட்டார்ல சுத்துது சார். நம்மளுது குட்டைத் தண்ணியிலயே சுத்துது."

"அதை மட்டும் கேட்போம். தூரிகை மொத்தமும் நம்மதுன்னு கேக்க வேணாம்."

கேட்டதில் பாதி போய்விட்டது. மீதிப் பாதிக்கு 2012 அக்டோபரில் காப்புரிமை கிடைத்தது. வியட்நாம் எழுத்துகளுக்கு நடுவே தன் பெயரை எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு அவள் பண்ணைக்குப் போனாள். சபாபதி புதுக் கரைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த நாட்டுக்காரன் குடுத்துட்டானா?"

"குடுத்துட்டாங்கண்ணே."

"நம்ம நாட்டுல?"

"இங்க இன்னும் வரிசையில நிக்குது" என்று சொல்லிவிட்டு, அவள் தண்ணீர் எடுக்கக் குட்டையில் இறங்கினாள்.