சிவந்த ஊருணி

மே பன்னிரண்டு, பகல் பன்னிரண்டு இருபது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. மொட்டை மாடியில் குருவிகளுக்கு வைத்த சட்டித் தண்ணீர் சிவந்து கிடந்தது.

"யாரு குங்குமத்தக் கொட்டுனது?" என்றாள் மனைவி.

"பாசி" என்றேன். சொன்னதும் திருச்சுழிப் பக்கத்து எங்கள் ஊருணி நினைவுக்கு வந்துவிட்டது.

எனக்கு ஒன்பது வயதில், குடிதண்ணீர் எடுக்கிற ஊருணி இப்படித்தான் சிவந்தது. ஊரில் நூலுக்குச் சாயம் போடுகிறவர் அப்பா ஒருவரே. இனி எங்கள் குடம் அதில் இறங்கக் கூடாது என்று ஊர் கூடிச் சொல்லிவிட்டது. பாசிதான் என்றார் அப்பா.

"பாசி பச்சையாத்தான்லே இருக்கும். சாயத்தண்ணியக் கொட்டிட்டு யாருக்குக் கதை சொல்ற?" என்றார் ஊர்ப் பெரியவர்.

அப்பா ஒரு சிட்டம் வெள்ளை நூலை ஊருணியில் முக்கி, உப்புக் கிணற்றுத் தண்ணீரில் அலசினார். நூல் வெள்ளையாகவே வந்தது.

"அலசுனாப் போற சாயத்த நான் போட மாட்டேண்ணே. நம்பலைன்னா உக்காருங்க. வெயில் எறங்குனா இது பச்சையாயிரும். தெனமும் பாக்கேன்."

நாற்பது பேர் கரையில் காத்திருந்தார்கள். வெயில் தாழத் தாழச் சிவப்பு மங்கியது. விளக்கு வைக்கும் நேரத்தில் ஊருணி முழுக்கப் பச்சை. உச்சி வெயிலுக்குச் சிவப்பைப் போர்த்திக்கொள்ளும் நுண்பாசி அது என்று பின்னாளில் கல்லூரியில் படித்தேன்.

"இப்பிடி நெறம் மாறுற சாயம் தெரிஞ்சா நீ ஏன்டா இந்த ஊர்ல கெடக்க?" என்றார் பெரியவர். கரையே சிரித்தது. அத்தனை பேர் முன்னாலும் அம்மா நிறைகுடத்தோடு நடந்தாள். நனைந்த நூல் சிட்டத்தை விற்காமல் குடத்தின் கழுத்தில் கட்டிவிட்டார் அப்பா.

"இத நிரூபிக்க மாமாவுக்கு எவ்வளவு செலவாச்சாம்?" என்றாள் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த மனைவி.

"நூல் மட்டுந்தான். எட்டணா."