கிணற்றுக் கொடுவா

வெள்ளைக்காரர் ஆட்சி போய் மெர்டேக்கா வந்த வருடம் எங்கள் காஜா பெராங் தெரு வீட்டில் ஒரே பேச்சு: இங்கேயே குடியுரிமைக்கு எழுதிப் போடுவதா, சொந்த ஊருக்குத் திரும்புவதா? அப்பா எழுதிப் போட்டார். அம்மாவின் தம்பி, என் மாமா, கப்பலுக்குச் சீட்டு எடுத்தார். எட்டு வயது எனக்கு, ஊருக்குப் போகிறவர்கள் திரும்பி வருவார்கள் என்றுதான் எண்ணம்.

புறப்பட நாலைந்து நாள் இருக்கையில், ஆற்று முகத்துவாரத்தில் தூண்டிலில் சிக்கிய சாண் நீளக் கொடுவா ஒன்றை வாளியில் கொண்டுவந்து மாமா எங்கள் கிணற்றில் விட்டார்.

"நான் வர்ற வரைக்கும் நீதான் பாத்துக்கணும். செத்துச்சு, ஒன்னத்தான் கேப்பேன்லா."

நான் கணக்குப் போட்டேன். ஒன்று, முகத்துவாரத் தண்ணீர் கரிக்கும். இரண்டு, கிணற்றுத் தண்ணீர் கரிக்காது. மூன்று, ஆகவே மீன் செத்துவிடும். மாமா கொண்டுபோகக் கருவாடு போடவென்று அம்மா வாங்கியிருந்த அரை மூட்டை உப்பையும் கொட்டாங்கச்சியால் அள்ளி அள்ளிக் கிணற்றில் போட்டேன்.

மறுநாள் காலை, அதே கிணற்றில் இறைக்கும் பக்கத்து வீட்டு, மலாயே பேசும் செட்டி அம்மா வாய் கொப்பளித்துத் துப்பியபடி, "மாசின்! ஆயிர் மாசின்!" என்று, தண்ணீர் உப்புக் கரிப்பதாகக் கத்திக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டுக் காப்பியும் கரித்தது. அம்மா காலிச் சாக்கைத் தூக்கிக் காட்டினாள். நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். "நாந்தாங்க்கா கொட்டுனேன்."

"கப்பலேறப் போறவனுக்குக் கொழுப்பப் பாரு! குடிக்கிற தண்ணில மண்ணள்ளிப் போட்டுட்டுப் போறியேடா!"

"உப்புதானே, எறச்சாப் போச்சு" என்றார் அப்பா.

"எல்லாம் எறச்சாப் போயிருமா?" என்று அம்மா அவர் மேலும் பாய்ந்தாள்.

மூன்று நாள் இறைத்தார்கள். மூன்று நாளும் அம்மா திட்டினாள், திட்டிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே மாமாவுக்குச் சோறு போட்டாள். கொடுவாவோ அடியில் கொழுகொழுவென்று திரிந்தது. அது ஆற்றிலும் கடலிலும் பிழைக்கும் சாதி என்று மாமா அப்போதுதான் சொன்னார்.

நான்காம் நாள் அவர் கப்பலைப் பிடிக்கச் சிங்கப்பூர் பஸ் ஏறினார். நான் செய்ததற்கு அவரை விரட்டிவிட்டார்கள் என்று எண்ணினேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

"உப்பு நாந்தாம்மா போட்டேன். மாமாவத் திரும்பக் கூப்பிடு."

"தெரியும்டி" என்றாள் அம்மா. "அன்னிக்கே தெரியும்."

என்னை ஒரு அடிகூட அடிக்கவில்லை. தெரிந்துகொண்டே மூன்று நாளும் மாமாவை ஏன் அப்படித் திட்டினாள் என்று மட்டும் எனக்கு விளங்கவே இல்லை.